லீடிங் இரண்டு மடங்கானால் ஊர் கோட்டையாகிவிட்டதா? (பேரூராட்சி பூத் கணக்கு)

கேள்வி: 2024 ஜூலை 6

எங்கள் ஊர் பேரூராட்சி. 2021லும் 2024லும் திமுக கூட்டணிக்குத்தான் லீடிங். இந்த முறை லீடிங் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. டீக்கடையில் எல்லாரும் "இனிமே இது கோட்டை" என்கிறார்கள். ஊர் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? படிவம் 20 (சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற தாள்) இறக்கி வைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

ஜூலை 6, இரவு

எடுத்துக்கொள்ள முடியாது. லீடிங் என்பது முதல் ஆள் வாங்கியதில் இரண்டாம் ஆள் வாங்கியதைக் கழித்தால் வருவது. இரண்டாம் ஆள் இரண்டாக உடைந்தால், முதல் ஆளுக்கு ஒரு ஓட்டுகூடக் கூடாமலே லீடிங் ஏறும்.

மாநில அளவிலேயே பாருங்கள். 2021 சட்டமன்றத்தில் திமுக கூட்டணி ஏறக்குறைய 45.4 சதவீதம், அதிமுக கூட்டணி 39.7. 2024 மக்களவையில் திமுக கூட்டணி 47ஐ ஒட்டி. அதிமுக கூட்டணி 23, பாஜக கூட்டணி 18. வென்றவர் ஏறியது ஒன்றரைப் புள்ளி. வித்தியாசம் ஏறியது 18 புள்ளிக்கு மேல். இடையில் அமமுக, தேமுதிக எல்லாம் பக்கம் மாறியதால் 23ஐயும் 18ஐயும் கூட்டி 2021உடன் நேராக ஒப்பிடவும் கூடாது. ஆனாலும் லீடிங் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

ஜூலை 7

ஆரம்பிக்க வேண்டிய இடம் படிவம் 20 அல்ல, வாக்காளர் பட்டியல். படிவம் 20ல் சாவடி எண்ணும் ஓட்டும்தான் இருக்கும். எந்தத் தெரு எந்த எண்ணில் என்று அது சொல்லாது.

ஒவ்வொரு பாகத்தின் (சாவடிக்கு ஒரு பாகம்) முதல் பக்கத்திலும் பிரிவுகள் (தெருக்கள்), சாவடி இருக்கும் பள்ளி, ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். ஒரு தாளில் தெருவை இடப்பக்கம் எழுதி, 2016, 2019, 2021, 2024 என்று நான்கு கட்டம் போட்டு, அந்தந்தத் தேர்தலில் அந்தத் தெரு எந்தப் பாக எண்ணில் இருந்தது என்று நிரப்புங்கள். சலிப்பான வேலை. இதைத் தாண்டிக் குதித்தவர்கள் போட்ட கணக்கு எல்லாமே வீண்.

காரணம், எண் நிலையாக இருப்பதில்லை. 2021ல் கொரோனாவுக்காக ஆயிரம் வாக்காளருக்கு மேல் இருந்த சாவடிகளையெல்லாம் பிரித்துத் துணைச் சாவடி வைத்தார்கள். மாநிலத்தில் சாவடிகள் 88 ஆயிரத்தைத் தாண்டின. 2024ல் பழையபடி 1,500 வரம்பு, சாவடிகள் 68 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டன. உங்கள் ஊரில் 2021ல் "45", "45 ஏ" என்று இரண்டு வரிசையாக இருப்பது 2024ல் ஒரே வரிசையாக இருக்கும். இரண்டையும் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

பழைய பட்டியல் இணையத்தில் சிக்காவிட்டால் முன்பு பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பட்டியல் இலவசமாகவே வரும். யாராவது ஒருவர் வீட்டுப் பரண்மேல் கிடக்கும்.

ஜூலை 7, கொஞ்ச நேரம் கழித்து

சாவடிப் பெயரை வைத்துப் பொருத்தலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. ஒரே பள்ளியில் நான்கு சாவடி இருக்கும். "தெற்குப் பார்த்த தார்சு கட்டிடம், கிழக்குப் பகுதி" ஒன்று. "தெற்குப் பார்த்த தார்சு கட்டிடம், மேற்குப் பகுதி" இன்னொன்று. அடுத்த தேர்தலில் அறையை மாற்றிவிடுவார்கள், ஓடு வேய்ந்த கட்டிடத்தை இடித்திருப்பார்கள். தெருதான் ஆதாரம்.

2008 தொகுதி மறுவரையறைக்கு முந்தைய சட்டமன்றக் கணக்கை (2006 வரை) இதில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். ஊர் அதே ஊர்தான். தொகுதியின் மற்ற பகுதிகள் மாறியிருக்கும். தொகுதியோடு வைத்துப் பார்ப்பதுதான் கீழே வரப்போகும் முறை என்பதால் அது உதவாது.

ஜூலை 9

இப்போது படிவம் 20. நெடுக்கு வரிசையில் வேட்பாளர்கள், வாக்குச்சீட்டில் இருந்த அதே வரிசையில். முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அகர வரிசை. கட்சிப் பெயரும் சின்னமும் பல தாள்களில் இருக்காது. ஆகவே போட்டியிட்டோர் இறுதிப் பட்டியலைப் (படிவம் 7ஏ) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசிக, மதிமுக, நாம் தமிழர் போன்றவை ஒரு தேர்தலில் மேல் குழுவில் இருக்கும், இன்னொன்றில் கீழே போயிருக்கும். "நாலாவது நெடுக்கு வரிசைதானே அது" என்று பழக்கத்தில் தட்டச்சு செய்யாதீர்கள்.

பெயரை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்வதும் ஆபத்து. 2024ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். அந்தத் தொகுதிப் பிடிஎஃப்பை எக்செல்லுக்கு மாற்றுகிறவருக்கு என் அனுதாபம்.

தட்டச்சு செய்து முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை: குறுக்காக எல்லா வேட்பாளர் ஓட்டையும் கூட்டினால் "செல்லுபடியான ஓட்டு மொத்தம்" வர வேண்டும். அத்துடன் நோட்டாவைச் சேர்த்தால் கடைசி மொத்தம் வர வேண்டும். ஸ்கேன் தாளில் 3ம் 8ம், 1ம் 7ம் மயங்கும். குறுக்குக் கூட்டலில் 5 அல்லது 50 வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் 3-8 குழப்பம். 6 அல்லது 60 வந்தால் 1-7. நெடுக்கிலும் பக்க மொத்தத்தைச் சரிபாருங்கள். ஒரு வரிசை விட்டுப்போனால் குறுக்குச் சோதனையில் தெரியாது, நெடுக்கில்தான் மாட்டும்.

சதவீதத்துக்கு எதால் வகுப்பது? நோட்டாவைச் சேர்த்தோ சேர்க்காமலோ, உங்கள் விருப்பம். எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதிரி செய்தால் போதும்.

ஜூலை 13

எண்கள் தயார் என்கிறீர்கள். இனிதான் விஷயம்.

ஊரின் சாய்வு என்பது ஊர் கொடுத்த சதவீதத்துக்கும் தொகுதி முழுவதும் கொடுத்த சதவீதத்துக்கும் உள்ள இடைவெளி. யார் முதலில் வந்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை. தொகுதி முழுவதும் ஓர் அலை அடித்தால் ஊரிலும் அடிக்கும். அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் ஊருடைய சொந்தக் குணம்.

கற்பனை எண்களில் போட்டுக் காட்டுகிறேன். 2021: ஊரில் செல்லுபடியான ஓட்டு 11,000. ஒரு கூட்டணிக்கு 5,100, எதிரணிக்கு 4,300. லீடிங் 800. ஊரில் 46.4 சதவீதம். தொகுதியில் அதே கூட்டணிக்கு 41.2. சாய்வு +5.2.

2024: ஊரில் 10,400 ஓட்டு. அதே கூட்டணிக்கு 4,950. எதிரணி உடைந்து அடுத்து வந்தவருக்கு 2,950. லீடிங் 2,000. ஊரில் 47.6 சதவீதம். சட்டமன்றத் தொகுதி அளவில் 44.0. சாய்வு +3.6.

லீடிங் இரண்டரை மடங்கு. வாங்கிய ஓட்டு 150 குறைவு. சாய்வு 1.6 புள்ளி இறக்கம். டீக்கடைக் கணக்கில் கோட்டை, இந்தக் கணக்கில் கொஞ்சம் கரைந்திருக்கிறது. உங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் வருகிறது என்று.

மக்களவைத் தேர்தலில் ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் சட்டமன்றத் தொகுதிப் பகுதிக்கான படிவம் 20ஐ மட்டும் எடுங்கள்.

ஜூலை 14

தபால் ஓட்டை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. சட்டமன்றப் படிவத்தில் கடைசியில் ஒரே வரிசையாக இருக்கும், சாவடி வாரியாகப் பிரிக்க வழியில்லை. ஆகவே தொகுதி சதவீதத்தையும் இயந்திர ஓட்டில் மட்டும் கணக்கிடுங்கள். மக்களவையில் தபால் ஓட்டைத் தொகுதித் தேர்தல் அதிகாரியின் மேசையில் தனியாக எண்ணுகிறார்கள். சட்டமன்றப் பகுதித் தாளில் அது வராது, கழிக்கும் வேலை இல்லை.

ஆனால் ஆசிரியர், வருவாய்த் துறை, சத்துணவு ஊழியர் அதிகம் குடியிருக்கும் தெருக்களில் இது உறுத்தும். தேர்தல் பணிக்குப் போனவர்கள் தபாலில் போடுவார்கள், அல்லது பணிச் சான்றிதழ் (இடிசி) வாங்கிப் பணி செய்கிற சாவடியிலேயே இயந்திரத்தில் போடுவார்கள். இரண்டிலும் சொந்தத் தெருச் சாவடியில் அவர்கள் ஓட்டு விழாது. 2024ல் 85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலிருந்தே தபால் ஓட்டு (2021ல் 80 வயதிலிருந்து). அவர்களும் சாவடிக் கணக்கில் இல்லை.

தபால் ஓட்டு சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: 2016ல் ராதாபுரம் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. வழக்கே நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகளைப் பற்றித்தான்.

ஜூலை 14, மாலை

ஒரு சாவடியில் 2 புள்ளி ஏறியது, 3 புள்ளி இறங்கியது என்று விளக்கம் தேடாதீர்கள். 700 ஓட்டு விழுந்த சாவடியில் 3 புள்ளி என்பது 21 ஓட்டு. ஐந்து வீடு. ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தால் முடிந்தது. பக்கத்துப் பக்கத்துச் சாவடிகளை மூன்று நான்காகக் கட்டி, கட்டுக்கு 2,500 ஓட்டாவது இருக்கும்படி செய்துகொண்டு பேசுங்கள். கடைவீதிக் கட்டு, பழைய ஊர்க் கட்டு, புது மனைப்பிரிவுகள் கட்டு என்று பிரித்தால் பெரும்பாலான பேரூராட்சிகளுக்கு ஒத்துவரும். ஊர் முழுவதற்கும் ஒரே சாய்வு என்று வருவது அபூர்வம். +12ல் ஒரு கட்டும் -6ல் ஒரு கட்டும் சேர்ந்துதான் +3 என்று நிற்கும். "கோட்டை" என்று சொல்கிறவர் பெரும்பாலும் அந்த +12 கட்டில் குடியிருப்பவர்.

ஜூலை 20

"சட்டமன்றத்துக்கு ஒரு மாதிரி, பாராளுமன்றத்துக்கு ஒரு மாதிரி எல்லாம் போட மாட்டார்கள், கட்சிக்காரன் கட்சிக்காரன்தான்" என்று ஒரு வாதம் வந்திருக்கிறது.

போடுவார்கள். 1980 ஜனவரியில் திமுக-காங்கிரஸ் அணி மாநிலத்தில் 37 மக்களவைத் தொகுதிகளை வென்றது, அதிமுகவுக்கு 2. நான்கே மாதத்தில், மே மாதச் சட்டமன்றத் தேர்தலில், எம்.ஜி.ஆர். மறுபடி ஆட்சிக்கு வந்தார்.

அது வேறு வேறு நாள் என்பீர்கள். ஒரே நாளில் வேண்டுமானால் 2019 ஏப்ரல் 18. மக்களவையோடு 18 சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே வரிசையில் நின்று, இரண்டு இயந்திரத்தில் இரண்டு பொத்தான். தேனி மக்களவைத் தொகுதியை அதிமுக வென்றது, அந்த முறை மாநிலத்தில் அதற்குக் கிடைத்த ஒரே இடம். அதே தேனிக்குள் இருக்கும் ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்றத் தொகுதிகளைத் திமுக வென்றது. (ஆண்டிபட்டியில் இரண்டு பிரதான வேட்பாளர்களும் உடன்பிறந்தவர்கள். ஊரே எப்படிப் பிரிந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) தருமபுரியில் நேர் எதிர்: மக்களவை திமுகவுக்கு, உள்ளே இருந்த அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றங்கள் அதிமுகவுக்கு.

இதில் இரண்டு காரணம் கலந்திருக்கிறது. ஒன்று கேள்வியே வேறு: டெல்லியில் யார் என்பது ஒன்று, எடப்பாடி பழனிசாமி அரசு தொடர வேண்டுமா என்பது இன்னொன்று. மற்றது வேட்பாளர். எது எவ்வளவு என்று அறிய, அந்த 18 தொகுதிகளில் ஒன்றில் உங்கள் ஊர் இருந்தால் அதிர்ஷ்டம்தான். இரண்டு படிவம் 20ஐயும் சாவடிக்குச் சாவடி கழித்துப் பாருங்கள். பட்டியல் ஒன்று, நாள் ஒன்று, வாக்காளர் ஒன்று. இவ்வளவு சுத்தமான ஒப்பீடு தமிழ்நாட்டில் அடிக்கடி கிடைக்காது.

ஜூலை 21

மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை. சட்டமன்றச் சாய்வையும் மக்களவைச் சாய்வையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள். இரண்டு தனிக் கோடு: 2011, 2016, 2021 ஒன்று, 2009, 2014, 2019, 2024 ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரே திசையில் போனால் மட்டும் ஊர் மாறுகிறது என்று சொல்லத் துணியலாம்.

கூட்டணி அட்டவணையும் வேண்டும். ஒரு கட்சி 2019ல் ஒரு பக்கம், 2024ல் இன்னொரு பக்கம் என்றால் ஊரில் அந்தக் கட்சிக்கென்று இருந்த ஓட்டு எங்கே போனது என்பதே கதையாக இருக்கும். பாமக 2019, 2021ல் அதிமுகவோடும் 2024ல் பாஜகவோடும் நின்றது. வடமாவட்டப் பேரூராட்சிகளில் 2024 லீடிங் பெருத்ததற்குப் பாதி விடை இங்கேயே கிடைக்கும். இன்னொன்று, கூட்டணிக் கட்சிக்காரர் பெரிய கட்சிச் சின்னத்தில் நிற்பார் (2021ல் மதிமுக ஆறு இடத்திலும் உதயசூரியனில் நின்றது). அந்த ஓட்டைத் திமுகவின் தனி பலம் என்று எழுதிவிடக் கூடாது.

ஜூலை 28

பேரூராட்சித் தேர்தல் முடிவைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், தனித் தாளில். 2022 பிப்ரவரி 19ல் நடந்ததை இந்த வரிசையில் செருகினால் எல்லாம் குழம்பும். முதலில், வார்டு எல்லையும் சாவடி எல்லையும் ஒன்றல்ல. சட்டமன்றப் பட்டியலில் இருக்கும் பெயர்களை மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாக மறுபடி அடுக்கித் தனிப் பட்டியல் போடுகிறது. ஒரே பாகத்துக்காரர்கள் இரண்டு மூன்று வார்டில் சிதறியிருப்பார்கள்.

இரண்டாவது, வார்டில் சில நூறு ஓட்டுதான். அங்கே நிற்பவர் சித்தப்பா, பங்காளி, குழாய் ரிப்பேருக்குக் கூப்பிட்டால் வருகிறவர். சுயேச்சை ஜெயித்த வார்டில் அவர் யாருடைய ஆள் என்பது தலைவர் தேர்தலன்றுதான் வெளிச்சமாகும். 2011ல் பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2022ல் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக 2011 தலைவர் ஓட்டுக்கு 2022ல் இணையான எண்ணே கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்துக்கு உள்ளாட்சிக் கணக்கு நல்லது. 2022ல் மாநகராட்சிகளில் 52 சதவீதம், நகராட்சிகளில் 68, பேரூராட்சிகளில் கிட்டத்தட்ட 75 சதவீதம் ஓட்டு விழுந்தது. சின்ன ஊரில் ஓட்டுப் போடாதவர் யார் என்பது மாலை நான்கு மணிக்கே பூத் ஏஜென்ட் கையில் இருக்கும் தாளில் தெரிந்துவிடும். ஆட்டோ வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

ஆகஸ்ட் 4

எதிர்பார்த்ததுதான். "இந்தச் சாவடியில் இந்தச் சாதி 60 சதவீதம், இந்தக் கட்சிக்கு 55 சதவீதம் விழுந்திருக்கிறது, ஆகவே அந்தச் சாதி முழுசாக அங்கே போட்டிருக்கிறது" என்று ஒரு குறிப்பு.

கணக்குப் போடுவோம். 1,000 ஓட்டு. 600 பேர் ஒரு சமூகம், 400 பேர் மற்றவர்கள். கட்சிக்கு 550. மற்ற 400 பேரும் அந்தக் கட்சிக்கே போட்டிருந்தால், 600 பேரில் 150 பேர் போட்டிருந்தால் போதும். மற்றவர்கள் ஒருவர்கூடப் போடாவிட்டால் 600ல் 550. அதாவது அந்தச் சமூகத்தின் ஆதரவு 25 சதவீதமாகவும் இருக்கலாம், 92 சதவீதமாகவும் இருக்கலாம். படிவம் 20 இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிச்சமெல்லாம் சொல்பவரின் நம்பிக்கை.

ஒரே சமூகம் 950 பேர் இருக்கும் சாவடியில் இடைவெளி சுருங்கும்: 500 முதல் 550 வரை, 53க்கும் 58க்கும் நடுவே. ஆனால் அது அந்தச் சாவடிக்காரர்களைப் பற்றி மட்டும். அதே சமூகத்தார் கடைவீதியில் கலந்து குடியிருக்கும் இடத்தில் அப்படியே போடுவார்கள் என்று கொண்டுபோகக் கூடாது. தனிக் குடியிருப்பும் கலப்புத் தெருவும் வேறு வேறு வாழ்க்கை. தவிர, அந்த 60 சதவீதம் எங்கிருந்து வந்தது? பட்டியலில் சாதி இல்லை. பூத் கமிட்டிக்காரர் பெயரையும் தெருவையும் பார்த்துப் போட்ட மதிப்பீடு. அவருக்குத் தன் பக்கம் கூடுதலாகத் தெரிவது இயல்பு.

ஆகஸ்ட் 4, இரவு

இதே ஊரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாவடி வாரி எண் வெளியே வருவதால் "உங்க தெரு எங்களுக்குப் போடலை" என்று சொல்லித் தெருவிளக்கையும் சாக்கடையையும் தள்ளிப்போட முடிகிறது. காகிதச் சீட்டுக் காலத்தில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரத்தில் ஒவ்வொன்றின் முடிவும் தனியாகத் திரையில் வருகிறது. 2001 சட்டமன்றத் தேர்தலே தமிழ்நாடு முழுவதும் இயந்திரத்தில்தான் நடந்தது. பல இயந்திரங்களைச் சேர்த்து மொத்தம் மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015ல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்றுவரை வரவில்லை.

வந்தால் இந்தக் கேள்வி-பதில் இழைக்கு வேலையில்லை. வரட்டும் என்பதுதான் என் கட்சி. அதுவரை கட்டுக் கணக்கை வெளியிடுங்கள், தெருப்பெயரோடு சாவடிக் கணக்கை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள்.

ஆகஸ்ட் 18

வாக்குப்பதிவு சதவீதம். "பழைய ஊர்க் கட்டில் 62, மனைப்பிரிவில் 78, பழைய ஊர்க்காரர்களுக்கு அரசியலில் வெறுப்பு" என்று படிக்க வேண்டாம். கீழே வகுப்பது பட்டியலில் உள்ள பெயர்களால். பழைய ஊரில் இறந்தவர் பெயரும் திருப்பூர், சென்னை போய்விட்டவர் பெயரும் நீக்காமல் கிடக்கும். புது மனைப்பிரிவில் இப்போதுதான் படிவம் 6 (புதிதாகப் பெயர் சேர்க்க), படிவம் 8 (முகவரி மாற்ற) கொடுத்துச் சேர்ந்தவர்கள், பட்டியல் புதுசு. பூத் ஏஜென்ட்டோடு ஒருமுறை பாகத்தைப் புரட்டினால் 1,100 பெயரில் 150 பெயர் ஆளே இல்லை என்று தெரியவந்தாலும் வியப்பதற்கில்லை. அப்போது விழுந்த 682 ஓட்டு 62 சதவீதம் அல்ல, 72.

வெளியூரில் இருப்பவர் வந்து போடுவதற்குக் கிழமையும் முக்கியம். 2019ல் வியாழன், மறுநாள் புனித வெள்ளி. 2024ல் வெள்ளி, அடுத்து சனி ஞாயிறு. 2021 செவ்வாய்க்கிழமை. நடு வாரத்தில் பஸ் பிடித்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குத் திரும்புகிறவர் குறைவு. வெளியூர் வேலைக்காரர் அதிகமுள்ள தெருவில் 2021க்கும் 2024க்கும் ஓட்டு எண்ணிக்கை மாறினால், கட்சியைத் தேடுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்.

செப்டம்பர் 1

நாம் தமிழர் ஓட்டைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சதவீதத்தை மட்டும் பார்க்காமல் பரவலைப் பாருங்கள். எல்லாக் கட்டிலும் 7, 8, 9 என்று சீராக இருந்தால் அது ஊர் ஆள் சேர்த்த ஓட்டல்ல, மாநிலம் முழுவதும் அடிக்கும் காற்று. ஒரு கட்டில் 15, மற்றதில் 4 என்றால் அங்கே வேலை செய்கிற ஆள் இருக்கிறார். அடுத்த தேர்தலில் முதல் வகை மாநிலத்தோடு ஏறி இறங்கும், இரண்டாம் வகை அந்த ஆள் இருக்கும்வரை. எந்தக் கட்சிக்கும் இதே சோதனைதான். 2021ல் விவசாயி, 2024ல் மைக் என்று சின்னம் மாறியும் ஒரு சாவடியில் ஓட்டு இறங்காமல் நின்றதென்றால் அங்கே பூத் வேலை நடந்திருக்கிறது.

சொந்த ஊர் வேட்பாளருக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு தேர்தலில் மட்டும் ஊர்ச் சாய்வு +10 என்று துள்ளி, பக்கத்து ஊராட்சிச் சாவடிகளில் +4, இன்னும் தள்ளிப் போனால் பூஜ்யம் என்று தேய்ந்தால் அது ஆளுக்கு விழுந்தது. அடுத்த முறை வேறு ஆளை நிறுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்தத் துள்ளலை வைத்துக் கோட்டை கட்டியவர்கள்தான் அதிகம்.

செப்டம்பர் 15

கடைசியாக வந்த இரண்டு கேள்விக்கு.

ஒரு சாவடி வரிசை முழுக்கப் பூஜ்யம் என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று புறக்கணிப்பு, 2024ல் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்தில் செய்தது போல. அங்கெல்லாம் முழுப் பூஜ்யமாக இல்லாமல் சில ஓட்டு இருக்கும். இன்னொன்று, காலையில் மாதிரி வாக்குப்பதிவில் போட்ட ஓட்டை (குறைந்தது 50) அழிக்க மறந்துவிட்டுத் தேர்தலைத் தொடங்கிய இயந்திரம். அதை எண்ணாமல் ஒதுக்கி வைப்பார்கள். 2024 விதிப்படி, கடைசியில் வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடியில் விழுந்த ஓட்டைவிடக் குறைவாக இருந்தால்தான் விவிபேட் சீட்டை (ஓட்டுப் போட்டதும் அச்சாகி விழும் சீட்டு) எடுத்து எண்ணினார்கள். இல்லாவிட்டால் அந்தச் சாவடி கணக்கிலேயே வரவில்லை. அந்த ஆண்டுக்கு அந்தக் கட்டை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள், பூஜ்யத்தைச் சராசரியில் சேர்க்க வேண்டாம்.

17சி தாளில் (பதிவான ஓட்டுக்குச் சாவடி அதிகாரி தரும் கணக்கு) இருக்கும் மொத்தமும் படிவம் 20 மொத்தமும் ஒன்றிரண்டு ஓட்டு வேறுபடுவதாக எழுதியவருக்கு: 17சியில் 17ஏ வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் எண்ணிக்கையும் இருக்கும், இயந்திரத்தில் பதிவான மொத்தமும் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொத்தான் அழுத்தாமல் போனவர் முதலாவதில் இருப்பார், இரண்டாவதில் இருக்க மாட்டார். நீங்கள் எடுத்து ஒப்பிட வேண்டியது இரண்டாவதை. அப்போதும் ஒத்துவராவிட்டால் நோட்டாவைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

எண்ணும் அன்று ஊர் எந்த ரவுண்டில் வரும் என்பதற்குச் சாவடி எண்ணை 14 மேசையால் வகுப்பது பழக்கம். 183ஆவதாக வருகிற சாவடி 14ஆம் ரவுண்டு முதல் மேசை. துணைச் சாவடி இருந்தால் அதுவும் ஓர் இடம் பிடிக்கும், ஆகவே எண்ணை அல்ல, பட்டியலில் எத்தனையாவது வரிசை என்பதை வகுங்கள்.

செப்டம்பர் 15, இரவு

கேள்வி கேட்டவர் தன் ஊர்க் கணக்கைப் போட்டிருக்கிறார். மூன்று கட்டில் இரண்டில் சாய்வு 2021ஐ விட ஒரு புள்ளிக்குள்தான் மாறியிருக்கிறது. மனைப்பிரிவுக் கட்டில் மட்டும் 5 புள்ளி இறக்கம். அங்கே 2021க்குப் பிறகு எத்தனை பெயர் புதிதாகச் சேர்ந்தது என்று பாகத்தின் முதல் பக்க எண்ணிக்கையை வைத்துக் கழித்துப் பாருங்கள். 400க்கு மேல் என்றால் பழைய ஆட்கள் மனம் மாறினார்களா, புது ஆட்கள் வந்தார்களா என்று இந்தத் தாளை வைத்துப் பிரிக்க முடியாது. அந்தக் கட்டை மட்டும் தனியாக வைத்து அடுத்த சட்டமன்றத் தேர்தலில் மறுபடி போடுங்கள்.